சோறும் குழம்பும்: வீட்டு நாயின் ஆகாரம் பற்றி

(செமினியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் சமயமும் பேசிப் பழகிய மேடையில் நாயின் ஆகாரத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறான் என்றால், அது சற்று விசித்திரமாகவே தோன்றும். அழைப்பிதழைக் கண்டு சிரித்தவர்களும் இச்சபையில் இருக்கக்கூடும். அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மனிதன் உண்ணும் பண்டங்களுள் எவை நாய்க்கு விஷமாகின்றன என்னும் கேள்வி வெளித்தோற்றத்தில் அற்பமாக இருப்பினும், உள்ளே புகுந்து பார்ப்பவனுக்கு ரசாயன சாஸ்திரமும், நம் அடுக்களையின் பழக்கங்களும், நம் மனத்தின் ஒரு பலவீனமும் அதில் ஒருங்கே தென்படும் என்பதனால்தான் இதனை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இவ்வூரைப் பற்றி ஒரு வார்த்தை. உலு லங்காட் மாவட்டத்தின் இப்பகுதி கித்தா மரங்களாலும் பின்னர்ச் செம்பனையாலும் சூழப்பட்டிருந்த நாளில், லயத்து வீடுகளின் முன்னே படுத்திருந்த நாய்க்கு எசமானர் என்று ஒருவர் இருந்தாலும், அதன் ஆகாரம் மட்டும் ஊர்ப் பொதுவாகவே இருந்தது; ஒரு வீட்டுக் கஞ்சி, மற்றொரு வீட்டு மீன்தலை, காட்டில் அகப்பட்ட எலி என்று அது தானே தேடித் தின்று, பிடிக்காததை முகர்ந்துவிட்டு நகர்ந்து சென்றது. தோட்டங்கள் ‘தாமான்’ என்னும் குடியிருப்புகளாக மாறியபோது மனிதரோடு நாயும் குடிபெயர்ந்தது. இரும்புக் கதவுக்கும் கார் நிற்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையே அதன் உலகம் சுருங்கிவிட்டபடியால், இன்று அதன் வயிற்றுக்குள் செல்லும் ஒவ்வொரு கவளமும் நம் கையிலிருந்தோ நம் குப்பைத் தொட்டியிலிருந்தோதான் செல்கிறது. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அதனிடமிருந்து நம்மிடம் வந்துவிட்டது. அந்தச் சுதந்திரத்தோடு வரவேண்டிய அறிவுதான் இன்னும் வந்து சேரவில்லை.

பகைமையினால் இறைச்சியில் விஷம் தோய்த்து வீதியில் எறிகிற கொடியவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அவர்களைக் கவனித்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. நான் பேசவிருப்பது அன்பினால் விஷமிடுகிறவர்களைப் பற்றி. தாம் உண்ணும் சுவையான பண்டத்தில் ஒரு பங்கு வாயில்லாப் பிராணிக்கும் போகட்டும் என்று எண்ணுகிற பாட்டிமார்களும், மேசைக்கடியில் கையை நீட்டுகிற குழந்தைகளும், விருந்து முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் ஒரே பாத்திரத்தில் வழித்துப் போட்டு அழைக்கிற இல்லத்தலைவர்களுமே இக்கதையின் பாத்திரங்கள். அவர்கள் நல்லவர்கள் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். “எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாய்க்குச் சோறுதானே போட்டு வளர்த்தோம், அது செத்தா போயிற்று?” என்று கேட்பார்கள். சோற்றைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து உப்சாலா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகளாக இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை இருப்பதை அவர்கள் கண்டார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளோ, தானியம் விளையாத வடதுருவப் பகுதிகளின் நாய்களிடமும் ஆஸ்திரேலியக் காட்டு டிங்கோக்களிடமும் அந்தப் பிரதிகள் குறைவு என்றும், உழவுத் தொழில் வளர்ந்த நாடுகளின் நாய்களிடம் மிகுதி என்றும் காட்டின. மனிதன் நிலத்தை உழத் தொடங்கிய பிறகு அவன் களத்தருகே வந்து படுத்த பிராணியின் உடல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அவனுடைய தானியத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது என்றுதான் இதற்குப் பொருள். ஆகவே கஞ்சியும் களியும் வெறுஞ்சோறும் நாய்க்குப் பகையல்ல. சோறு போட்டால் நாய் கெட்டுவிடும், கடையில் விற்கும் உருண்டைத் தீவனம் ஒன்றே கதி என்று அடித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நாம் சோற்றை வெறுஞ்சோறாகப் போடுவதில்லையே! சோற்றின்மேல் ஊற்றுவது ஒன்று இருக்கிறது, அதில்தான் விவகாரம். தானியத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்ட அந்த உடல், நாம் அந்தத் தானியத்துக்குச் சுவையூட்டச் சேர்க்கும் வெங்காயத்தையும் புளியையும் திராட்சையையும் ஏற்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. குழம்பு என்பது மனித நாகரிகத்தின் பிற்காலச் செல்வம். நாயின் ஈரலும் சிறுநீரகமும் அதற்கு முந்திய காலத்திலேயே நின்றுவிட்டன.

வெங்காயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டாக்டர் செப்ரெல் என்பவர், நாய்களுக்கு வெங்காயம் கொடுத்தால் அவற்றுக்கு ரத்தசோகை உண்டாகிறது என்பதைப் பரிசோதனையால் காட்டி எழுதியிருக்கிறார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அச்சேறியிருக்கும் உண்மை நம் அடுக்களை வாசலை இன்னும் எட்டவில்லை என்பதைப் பாருங்கள். வெங்காயத்தை அரியும்போது நம் கண்ணைக் கலங்க வைப்பவை கந்தகம் கலந்த சேர்மங்கள். அவற்றின் உறவினரான வேறு சில கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தத்தில் கலந்ததும், சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தாக்கி அதனைக் கட்டி கட்டியாகத் திரளச் செய்கின்றன. திரண்ட அணுவை உடலே பழுதுபட்டது என்று கருதி அழித்துவிடுகிறது. மனிதருடைய அணுக்கள் இத்தாக்குதலைப் பெரிதும் தாங்கும். நாயின் அணுக்கள் தாங்கா. பூனையினுடையவை இன்னும் மோசம்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தீங்கு விளைவிக்கப் போதும் என்பது கால்நடை மருத்துவ நூல்களில் காணும் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஒன்றிரண்டு பெரிய வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம். “ஒன்றிரண்டு வெங்காயத்தை எந்த நாய் தின்னும்?” என்று நீங்கள் கேட்கலாம். பச்சையாகத் தின்னாதுதான். ஆனால் ஆட்டுக்கறிக் குழம்பின் அடியில் கரைந்து கிடக்கும் வெங்காயத்தைக் கணக்கிட்டவர் யார்? சம்பலில் வதங்கியது, சின்ன வெங்காயச் சாம்பாரில் முழுதாக மிதந்தது, பிரியாணியின் மேல் பொன்னிறமாய்த் தூவியது, பொட்டலத்தில் வரும் மசாலாத் தூளில் பொடியாய்க் கலந்தது ஆகிய எல்லாமே வெங்காயந்தான். வேகவைப்பதாலோ வறுப்பதாலோ உலர்த்துவதாலோ அந்தச் சேர்மங்களின் தீமை தீர்வதில்லை. பூண்டோ அளவுக்கு அளவு வெங்காயத்தைவிட வீரியம் மிக்கது. மேலும், ஒரே நாளில் பெருமளவு தின்றால்தான் கேடு என்பதுமில்லை. நாள்தோறும் சிறுகச் சிறுகச் சென்றாலும் அணுக்கள் சிறுகச் சிறுக அழிந்துகொண்டே வரும்.

இதில் கவனிக்கவேண்டிய சூட்சுமம் காலம். வெங்காயம் தின்ற அன்று நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். சில நாட்கள் கழித்தே ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் செம்பழுப்பாகும். அதற்குள் அந்தக் குழம்பை நாம் மறந்துவிட்டிருப்போம். “வெயில் ஒத்துக்கொள்ளவில்லை”, “உண்ணி கடித்திருக்கும்”, “வயதாகிவிட்டது” என்று நமக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லி, செம்பனை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்துவிடுவோம். தாத்தா காலத்து நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் சாட்சி சொல்வதெல்லாம் இந்த வகைச் சாட்சியமே. தீயைத் தொட்ட குழந்தை அக்கணமே பாடம் கற்றுக்கொள்கிறது. காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே நான்கு நாள் இடைவெளி விழுந்துவிட்டாலோ, அனுபவம் என்னும் ஆசான் பள்ளிக்கு வருவதே இல்லை. அத்தகைய இடத்தில் பிறர் ஆராய்ந்து சொன்னதைக் கேட்பது ஒன்றே வழி.

அடுத்து நான் சொல்லப்போவது, தமிழர்களாகிய நாம் மற்றெவரையும்விட ஊன்றிக் கேட்கவேண்டியது.

திராட்சைப்பழமும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கம் வரை மருத்துவர்களுக்கே தெரியாது. அமெரிக்காவில் பிராணிகளின் விஷபாதைக்கென்று இயங்கும் ஒரு மத்திய நிலையத்திற்கு வந்த அழைப்புகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், திராட்சை தின்ற நாய்கள் வாந்தியெடுத்து, இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் நின்று மடிவதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டு, 2001ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். எழுதினார்களே தவிர, காரணம் விளங்கவில்லை. பூச்சிமருந்தோ, பூஞ்சை விஷமோ, உலோகமோ என்று ஒவ்வொன்றாய்ச் சந்தேகித்து ஒவ்வொன்றாய்க் கைவிட்டார்கள். ஒரு நாய் கூடை நிறையத் தின்றும் துள்ளித் திரிந்தது. இன்னொரு நாய் ஒரு கைப்பிடி தின்று செத்தது. அளவுக்கும் விளைவுக்கும் பொருத்தமே இல்லாத இந்த விஷம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

புதிரை அவிழ்த்தது திராட்சை அன்று. குழந்தைகளின் விளையாட்டு மாவு. மேல்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் உருட்டி விளையாட வீட்டிலேயே ஒருவகை மாவு பிசைந்து கொடுப்பார்கள். அதில் டார்டாரிக் அமிலத்தின் உப்பாகிய ஒரு வெள்ளைப் பொடியைச் சேர்ப்பதுண்டு. அந்த மாவைத் தின்ற நாய்க்கு, திராட்சை தின்ற நாய்க்கு வருகிற அதே சிறுநீரக நோய் அப்படியே வந்தது. திராட்சையிலும் டார்டாரிக் அமிலம் நிரம்ப உண்டு. அது பழத்தின் இனத்துக்கும் பழுத்த பருவத்துக்கும் தக்கபடி பெரிதும் கூடிக் குறையும். அப்படியானால் ஒரு நாய் பிழைத்ததற்கும் மற்றொரு நாய் மாண்டதற்கும் காரணம் விளங்கிவிட்டதல்லவா? 2021இல் இக்கருத்தை வெளியிட்ட அதே ஆராய்ச்சியாளர்கள், மறு ஆண்டு ஒரு விரிவான கட்டுரையில் இன்னொரு பண்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். டார்டாரிக் அமிலத்துக்குப் பேர்போன மற்றொரு கனி, அதைத் தின்ற நாய்களுக்கும் அதே நோயை உண்டாக்கியிருந்தது. அக்கனி புளி.

ஆம், நம் புளிதான். ரசத்தில் கரைவதும், புளியோதரையில் மணப்பதும், மீன்குழம்பைத் தூக்கி நிறுத்துவதும், மலாய்க்கார அண்டைவீட்டார் ‘அசாம் ஜாவா’ என்று வாங்குவதுமாகிய அதே புளி. பழச்சதையின் எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலுங்கூட டார்டாரிக் அமிலமாக இருக்கக்கூடிய பொருள் அது. திராட்சை அதனருகில் நிற்காது. மனிதருடைய சிறுநீரகத்தில் இவ்வகை அமிலத்தை ஏற்று வெளியே கடத்துவதற்கென ஒரு புரதம் இருக்கிறது. நாயிடம் அது இல்லை என்றும், ஆகவே அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலேயே தேங்கி அவற்றைச் சிதைக்கிறது என்றும் இப்போது விளக்கம் கூறுகிறார்கள். நமக்கு நாவூற வைப்பது அதற்கு நுண்குழாயை அரிக்கிறது.

இதனால் ரசம் ஒரு கரண்டி பட்ட சோற்றைத் தின்ற நாய் உடனே இறந்துவிடும் என்று யாரும் கிளம்பிப்போய்ச் சொல்லவேண்டாம். கரைத்த புளியில் நீரே மிகுதி, அளவும் சிறிது. அஞ்சத்தக்கவை கெட்டியானவை: கொட்டை நீக்கிய புளி உருண்டை, புளிக்காய்ச்சல், சர்க்கரை சேர்த்த புளி மிட்டாய், கோயிலில் வாங்கிவந்து மீந்துபோன புளியோதரைப் பொட்டலம். இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டியவை பாயசத்திலும் கேசரியிலும் லட்டிலும் நெய்ச்சோற்றிலும் நாம் தாராளமாய்த் தூவுகிற உலர்திராட்சைகள். பழத்தைவிட உலர்ந்தது கொடிது. நீர் வற்றியதும் அமிலம் செறிந்துவிடுகிறது. இவ்வளவு தின்றால் கேடில்லை என்று வரம்பு கூற இயலாத விஷம் இதுவென்பதால், திராட்சை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன்: ஒன்றுகூட வேண்டாம். மயக்கம் தெளியப் புளிக்கரைசல் புகட்டும் பழைய வைத்தியம் நம்மவரிடம் உண்டு. அதை நாயின் விஷத்துக்கு மருந்தாகப் புகட்டினால், ஒரு விஷத்தின்மேல் மற்றொன்றை ஊற்றியதாகவே முடியும்.

சாக்லெட்டைப் பற்றி உங்கள் பிள்ளைகளே அறிவார்கள், சுருங்கச் சொல்கிறேன். கோக்கோ விதையிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருள் காப்பியின் காஃபீனுக்கு உடன்பிறப்பு. மனித உடல் அதனை நாயினும் விரைவாகக் கரைத்து ஒழித்துவிடும். நாயின் உடலில் அதில் பாதி குறைவதற்கே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் இதயம் படபடக்கும், உடல் நடுங்கும், அளவு மீறினால் வலிப்பு வரும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் சென்றாலே குறிகள் தோன்றலாம். 60 மில்லிகிராமில் வலிப்பு. பால் சாக்லெட்டில் கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமும், கறுப்புச் சாக்லெட்டில் 5 மில்லிகிராமும், தூய கோக்கோத் தூளில் 20 மில்லிகிராம் அளவிலும் தியோபுரோமின் இருக்கும். ஆகவே பத்துக் கிலோ நாய்க்குப் பால் சாக்லெட் நூறு கிராமில் செய்கிற வேலையைக் கோக்கோத் தூள் பத்தே கிராமில் செய்துவிடும். மைலோ பானத்தை ஒரு வாய் நக்கியதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை; கேக் செய்யத் திறந்துவைத்த கோக்கோ டின் கவிழ்ந்தால் உடனே எழுந்திருங்கள். மலேசியா 1990ஆம் ஆண்டளவில் கோக்கோ உற்பத்தியில் உலகின் முன்வரிசையில் நின்றது. தென்னைக்கு ஊடே கோக்கோ நட்ட தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். அதன் ஓட்டைச் செடிக்கு எருவாக இடுகிறவர்கள், அந்த ஓட்டிலும் இதே பொருள் உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, நம் வீடுகளில் அண்மைக் காலத்தில் நுழைந்திருக்கும் ஒரு விருந்தாளி. 2019ஆம் ஆண்டில் அரசாங்கம் நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களாகிய நம்மிடையே அது இன்னும் மிகுதி. ஆகவே ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சிட்ட மிட்டாயும் சூயிங்கமும் பிஸ்கட்டும் நம் அலமாரிகளில் இடம்பிடித்துவிட்டன. அவற்றுள் சிலவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பு இருக்கிறது. மனிதருடைய கணையம் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நாயின் கணையமோ, உண்மைச் சர்க்கரையே பெருவெள்ளமாய் வந்துவிட்டது என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டுகிறது. 1960களிலேயே ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்ட விந்தை இது. அரைமணி ஒருமணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கி, நாய் தள்ளாடி விழும். கிலோவுக்கு வெறும் 0.1 கிராம் போதும். சில வகைச் சூயிங்கத்தில் ஒரே துண்டில் ஒரு கிராம் வரை இருப்பதுண்டு. அளவு ஏறினால் ஈரலும் அழியும். இத்தனை பண்டங்களுள் என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுவே. ஏனெனில் மற்றவை நாம் அறிந்த உணவுகள், இது பெயரளவில்கூட நமக்குப் பழக்கமில்லாதது. பொட்டலத்தின் பின்புறத்தில் ‘சைலிட்டால்’ என்றோ ‘இ967’ என்றோ சிறிய எழுத்தில் காணப்படும். தாத்தாவின் சட்டைப்பை நாய்க்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும்.

விஷம் என்று சொல்லத் தகாதனவும் கொல்லக் கூடியனவுமாகிய சில பொருள்கள் உண்டு. காஜாங் நமக்குப் பக்கத்து ஊர். இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுடும் அதன் சாத்தே நாடறிந்தது. இறைச்சியின் நெய்யும் கடலைக் குழம்பும் ஊறிய அந்தக் குச்சியை நாய் கடித்து விழுங்கினால், அது குடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். எலும்பு நாய்க்குரியது என்று உலகமே நம்புகிறது. வெந்த கோழி எலும்போ ஈட்டி முனைபோல் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். மாங்கொட்டையும் டுரியான் கொட்டையும் குடலை அடைக்கும். ஆட்டுக் கொழுப்பும் நெய்ப் பலகாரமும் ஒரே நாளில் மிகுதியாய் உள்ளே சென்றால் கணையம் அழன்றுவிடும். தீபாவளிக்கு மறுநாள் வாந்தியெடுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துக் குனிந்து நிற்கும் நாய்க்குப் பெரும்பாலும் கண்ணேறு காரணமாக இராது.

தோட்டத்துக் கள்ளுக்கடைகளின் காலத்தில் நாய்க்குக் கள் ஊற்றி அது தள்ளாடுவதைக் கண்டு சிரித்த வேடிக்கை, இன்று பீர்ப்புட்டியோடு சில வீடுகளில் தொடர்கிறது. சிறிய உடலுக்கு அது வேடிக்கையன்று. உடல் குளிர்ந்து மூச்சடங்கும் அபாயம். ஈஸ்ட் கலந்து பொங்க வைத்த பச்சை மாவை நாய் தின்றால், வயிற்றின் வெப்பத்தில் அது மேலும் பொங்கி உள்ளேயே சாராயம் காய்ச்சும். வெற்றிலைப் பெட்டியிலுள்ள பாக்கின் கதை சுவையானது: அதிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருளை, நாயின் குடலிலுள்ள நாடாப்புழுவை வெளியேற்றும் பேதி மருந்தாகவே முன்னாளில் மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள், நியூசிலாந்தில் ஆடுகள் வழியாய்ப் பரவிய புழுநோயை ஒழிக்க, ஊர் ஊராக நாய்களை வரிசையில் கட்டி இம்மருந்தைப் புகட்டினார்கள். மருந்தாய் அளந்து கொடுத்தபோதே அது நாயைப் படுத்திய பாடு பெரிது. அளவின்றித் தானே எடுத்துத் தின்றால் எப்படியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பூஞ்சையைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். ஏனெனில் கெட்டுப்போனதை நாய்க்குப் போடு என்பது நம் வழக்கங்களுள் ஒன்று. நமக்காகாதது அதற்காகும் என்று எண்ணுவது எத்துணை விபரீதம்! 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்னும் ஈரல் விஷத்தை உலகம் அறிந்தது. 1988இல் நம் பேராக் மாநிலத்தில் அதே விஷம் கலந்த நூடல்ஸைத் தின்று பதின்மூன்று குழந்தைகள் இறந்த துயரத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த விஷத்தை நாயின் ஈரல் கொஞ்சமும் தாங்காது. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு ரொட்டித் துண்டு பூப்பதற்கு இரண்டு நாள் போதும். அப்படிப் பூத்ததற்கு உரிய இடம் மூடியுள்ள குப்பைத் தொட்டி.

இவ்வளவு சொன்னபின், எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் வழங்க வேண்டும். கைத்தொலைபேசியில் வலம் வரும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பார்த்தால், நாய் காற்றைத் தவிர வேறெதையும் உட்கொள்ள முடியாது போலத் தோன்றும். பழுத்த தக்காளி, வெந்த முட்டை, பூசணி, மரவள்ளி அல்லாத வேகவைத்த கிழங்குகள், முள் நீக்கிய மீன் ஆகியவற்றையெல்லாம் அஞ்சத் தேவையில்லை. பால் சில நாய்களுக்குப் பேதியாகும், அவ்வளவே. வெண்ணெய்ப்பழத்தில் நாய்க்கு உண்மையான ஆபத்து அதன் கொட்டையும் கொழுப்புமே. மக்காடாமியா என்னும் விலையுயர்ந்த கொட்டை பின்னங்கால்களைத் துவளச் செய்து வீட்டாரைக் கலங்கடிக்கும். ஆனால் பெரும்பாலும் இரண்டு நாளில் நாய் எழுந்து நடந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே குரலில் விஷம் என்று கூவுகிறவர்கள், சைலிட்டாலுக்கும் தக்காளிக்கும் வேற்றுமை தெரியாதபடி நம் செவியைச் செவிடாக்கிவிடுகிறார்கள்.

சமயம் சார்ந்த ஒரு கேள்வியும் இங்கே எழும். பைரவ மூர்த்தியின் வாகனம் நாய் என்பதால் தேய்பிறை அஷ்டமியன்று நாய்களுக்கு அன்னமிடுகிற பக்தர்கள் நம்மிடையே பலர் உண்டு. நேபாள தேசத்தில் நம் தீபாவளியை ஒட்டிய ஒரு நாளில் நாய்களுக்கு மாலையிட்டுத் திலகமிட்டு விருந்தே வைக்கிறார்கள். அழகான வழக்கம், அதனை நிறுத்தச் சொல்ல நான் யார்? வெங்காயம் கலந்த வடைக்கும் திராட்சை தூவிய சர்க்கரைப் பொங்கலுக்கும் பதிலாக, உப்பிடாத சோற்றில் எலும்பில்லாத இறைச்சியையோ முட்டையையோ பிசைந்து வைத்தால் பைரவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். அன்றாட வீட்டுக்கும் இதுவே வழி. கறியைச் சட்டியில் தாளிக்குமுன் இரண்டு துண்டைத் தனியே வேகவைத்து எடுத்து வைப்பது எந்த இல்லத்தரசிக்கும் கூடுதல் பாரமாகாது. கடினமானது விருந்து நாள்தான். வருகிற விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு கவளம் ஊட்ட விரும்புவார்கள். அன்று நாயைப் பின்கட்டில் வைத்திருப்பது விருந்தினரின் அன்புக்கும் நாயின் குடலுக்கும் ஒருங்கே பாதுகாப்பு. நாயைத் தொடலாகாது என்னும் நெறியுடைய இஸ்லாமிய நண்பர்கள் வருகிற திறந்த இல்ல விருந்துகளில் அதுவே நாகரிகமுமாகும்.

இத்தனைக்கும் மேல் தவறிவிட்டால் என்ன செய்வது? “குறி தெரியட்டும், பார்க்கலாம்” என்று காத்திருப்பதுதான் முதற்பெரும் பிழை. திராட்சைக்கும் புளி உருண்டைக்கும் குறி தெரிகிறபோது சிறுநீரகம் பாதி போய்விட்டிருக்கும். தின்றது இன்னும் இரைப்பையில் இருக்கும் முதல் ஓரிரண்டு மணி நேரமே பொன்னான நேரம். அதற்குள் மருத்துவரிடம் சென்றால் ஓர் ஊசியால் வாந்தியெடுக்க வைத்துவிடுவார். நீங்களாக உப்பு நீரைப் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வாந்தி வராவிட்டால் அந்த உப்பே மூளையைத் தாக்கும். பக்கத்தில் மருத்துவர் இல்லையென்றால், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இங்கிருந்து அது வெகு தொலைவன்று.

போகும்போது தின்ற பண்டத்தின் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நாயின் எடை எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற மூன்றையும் மருத்துவர் கேட்பார். தின்றது எது என்பதும் அவருக்குத் தெரியவேண்டும். ஏனெனில் சாக்லெட் என்றால் கரித்தூள் கொடுத்துப் பயன் காணலாம், சைலிட்டால் என்றால் கரித்தூளால் பயனில்லை, குளுக்கோஸ் ஏற்றவேண்டும், திராட்சை என்றால் இரண்டு நாள் ரத்தக்குழாயின் வழியே நீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய கைகளை இயக்குவது உங்கள் விடைதான். அந்த விடை வீட்டில் யாரோ ஒருவரிடம் இருக்கும். பெரும்பாலும் பாட்டியிடம், அல்லது பேரனிடம். காரில் ஏறும் அவசரத்தில் அவர்களை அதட்டிக் கேட்டால், “நான் ஒன்றும் கொடுக்கவில்லை” என்ற பதில்தான் வரும். சற்றே தணிந்த குரலில் கேளுங்கள்.